பில் அக்கா போட்ட விலை

ஜிப் தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவர் பில் அக்கா. இருபத்திரண்டு வருடமாக ஏற்றுமதி பில் போடுகிறவர். அந்த வருடம் டாலர் ஏறியது. டாலரில் சம்பாதிக்கிற கம்பெனி கொழித்திருக்க வேண்டும். மாறாக, மாதாமாதம் வங்கிக்குப் பணம் கட்டியது.

காரணம், முதலாளி கையெழுத்துப் போட்ட ஓர் ஒப்பந்தம். டாலர் விழுந்தால் நஷ்டத்தை வங்கி ஏற்கும். ஏறினாலோ, கம்பெனி இரண்டு மடங்கு டாலரை, வெளியில் ஏறிய விலைக்கு வாங்கியாவது, வங்கிக்குப் பழைய விலைக்கே கொடுக்க வேண்டும். "செலவே இல்லாத பாதுகாப்பு" என்று சொல்லி விற்றிருந்தார்கள்.

விளக்கம் கேட்கப் போன பில் அக்காவிடம் வங்கி அதிகாரி சொன்னார்: "இது நிகழ்தகவு கணக்கு மேடம். சொன்னாலும் உங்களுக்குப் புரியாது."

"புரியாதுன்னு தெரிஞ்சுதானே வித்தீங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தார். நேராக நூலகத்துக்குப் போனார்.

இந்த மாதிரி ஒப்பந்தங்களுக்கு விலை போடுவது பற்றி ஒரு தடிப் புத்தகம் கிடைத்தது. "பரீட்சைக்கா படிக்கிறே?" என்றார் கணவர்.

"இல்ல, சண்டைக்கு."

மூன்று வாரம் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டார். டாலர் ஏறுமா இறங்குமா என்றே தெரியாமல் எப்படி விலை போடுவது? தெரியவே வேண்டாம் என்றது புத்தகம். டாலரை வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் சும்மா லாபம் வராதபடி, ஏறுவதற்கு இவ்வளவு, இறங்குவதற்கு இவ்வளவு என்று வாய்ப்பைப் பிரி. அதே வாய்ப்பால் ஒப்பந்தத்தையும் எடை போடு. வேறு விலை சொன்னால், டாலரையும் ஒப்பந்தத்தையும் சேர்த்து வாங்கி விற்று எவனாவது நோகாமல் சம்பாதித்துவிடுவான். பழைய பில்களின் பின்பக்கத்தில் டாலரின் ஏற்ற இறக்கத்தைக் கிளை கிளையாகப் போட்டுப் பார்த்த பிறகுதான் அது பிடிபட்டது.

விடை வந்ததும் முதலிலிருந்து மறுபடி போட்டுப் பார்த்தார்; அதேதான் வந்தது. கம்பெனி வாங்கிய பாதுகாப்பின் மதிப்பு ஒரு பங்கு என்றால், பதிலுக்கு வங்கிக்குக் கொடுத்த வாக்கின் மதிப்பு நாலு பங்கு. மிச்ச மூன்றும் கையெழுத்துப் போட்ட நிமிடமே வங்கிக்குப் போயிருந்தது.

முதலாளியோடு வங்கிக்குப் போனார். தாள்களைப் புரட்டிய அதிகாரியின் குரல் இறங்கியது. "இதை யார் போட்டது?"

"வெளியில ஒரு ஆலோசகர்," என்றார் முதலாளி.

"நான்தான் போட்டேன்," என்றார் பில் அக்கா. "தப்பிருந்தா காட்டுங்க."

கணக்கில் தப்பு இல்லை. மீதி ஐந்து மாத ஒப்பந்தத்தை வங்கி ரத்து செய்தது. கட்டிய ஏழு மாதப் பணத்தைத் தரவில்லை.

"வெளியாள்னு சொன்னாத்தான் மதிப்பாங்க," என்று காரில் சமாதானம் சொன்னார் முதலாளி.  மறுநாள் பில் அக்கா அந்த ஏழு மாதப் பணத்துக்காக வங்கியின் மேலிடத்துக்கு ஒரு புகார் எழுதி, கணக்கை இணைத்து, அடியில் தன் கையெழுத்தை அழுத்தமாகப் போட்டார்.