ஓட்டை இல்லாத தொட்டி

அந்த வெள்ளைத் தொட்டியை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இடுப்பளவு உயரம், வழவழவென்று பீங்கான் போன்ற மேல்பூச்சு, கழுத்தில் ஒரு தங்க நிறக் கோடு. அடியில் ஓட்டை மட்டும் இல்லை. ஊற்றிய தண்ணீர் வெளியேற வழியில்லாத ஒரு தொட்டியில் செடியை வைக்கிறார்கள் என்று நான் வேலை பார்த்த கடையில் ஒரே ஒருவர்தான் சொன்னார். அவரைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் நான் பில் போடும் வேலையில் இருந்தபோது நடந்தது இது. கல்யாணப் புடவைகளுக்கென்று முதல் மாடி முழுவதையும் ஒதுக்கியிருந்தார்கள். மாடிப்படி ஏறியதும் வலது பக்கம் அந்தச் செடி நிற்கும். முதலாளியின் மகன் பெங்களூரிலிருந்து முழங்கால் உயரத்தில் வாங்கி வந்தது. மான்ஸ்டெரா என்று பெயர் சொன்னார். எங்கள் வாயில் அது நுழையவில்லை. ஓட்டை இலைச் செடி என்போம். நான்கு வருடத்தில் என் உயரத்தைத் தாண்டிவிட்டது. முறம் அகலத்துக்கு இலைகள். புடவை எடுக்க வந்த மணப்பெண்கள் அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள்.

அதை வளர்த்தவர் எங்கள் கடையைப் பெருக்கித் துடைத்த அக்கா. தாமல் பக்கத்திலிருந்து காலை பஸ்ஸில் வருவார். அவருடைய அம்மாவும் அப்பாவும் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அண்ணன் எலக்ட்ரீஷியன். அக்கா பத்தாவது வரை படித்தவர். செடியைக் கவனிப்பது அவருடைய வேலைகளில் சேராது. யாரும் சொல்லாமல் அவராகவே செய்தார். திங்கட்கிழமைதோறும் ஈரத்துணியால் ஒவ்வொரு இலையையும் துடைத்து, வெளிச்சம் எல்லாப் பக்கமும் படும்படி தொட்டியைக் கொஞ்சம் திருப்பி வைப்பார். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவார்.

நான்காம் வருடம் செடி ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. தொட்டியின் அடி ஓட்டை வழியே வேர் வெளியே வந்துவிட்டது. அக்கா மேலாளரிடம் சொன்னார்.

"தொட்டி பத்தல சார். உள்ள எடமில்லாம வேரு சுத்திக்கினு இருக்குது. இன்னும் கொஞ்சம் பெரிய தொட்டியா மாத்தி, கயிறு சுத்துன கம்பம் ஒண்ணு நட்டா அதுவே புடிச்சிக்கினு ஏறிடும்."

"கீழ தரை காயாம கெடக்குது. அதப் பாரும்மா மொதல்ல," என்றார் மேலாளர்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி சொன்னார். மறுபடி அதே பதில். பிறகு மாடியைப் புதுப்பித்தார்கள். அலங்காரம் செய்ய சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். அவர் கொண்டுவந்ததுதான் வெள்ளைத் தொட்டி. பழைய தொட்டியைச் சுத்தியலால் உடைத்து, கட்டட வேலையில் மிஞ்சிய களிமண்ணைப் புதுத்தொட்டியில் கொட்டி, செடியைக் கழுத்துவரை இறக்கி, மண்ணைக் கட்டையால் இடித்து இறுக்கினார். தங்க வண்ணம் அடித்த ஒல்லிக் கம்பி ஒன்றைச் செருகி, தண்டை மெல்லிய ஒயரால் முறுக்கிக் கட்டினார். இலை பளபளவென்று இருக்க வேண்டும் என்று இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்னார்.

"அடியில ஓட்ட இல்லியே சார், தண்ணி எங்க போவும்?" என்று கேட்டார் அக்கா.

"ஒங்க சேலைக்குத்தான் போவும்," என்றார் அந்த ஆள், தரை துடைத்து நனைந்திருந்த அவருடைய சேலை ஓரத்தைக் காட்டி. அப்போதுதான் நாங்கள் சிரித்தது.

மூன்றாம் வாரம் இலைகள் மஞ்சளாயின. தொட்டியிலிருந்து சாக்கடை நாற்றம் வந்தது. ஊதுவத்தி ஏற்றி வைத்தோம். முகூர்த்த மாதத்தில், கடை நிரம்பி வழிந்த ஒரு வெள்ளிக்கிழமை, அழுகிப்போன வேரால் தாங்க முடியாமல் கம்பி வளைந்து செடி சேற்றோடு பெயர்ந்து விழுந்தது. வெள்ளை மெத்தையில் விரித்துப் போட்டிருந்த புடவைகள் மேல் கறுப்பான சேறு. அரக்குச் சிவப்பில் ஒரு முகூர்த்தப் புடவை அந்தச் சேற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. பெண் வீட்டார் அபசகுனம் என்று எழுந்து போய்விட்டார்கள்.

முதலாளிக்குக் காரணம் வேண்டியிருந்தது. மேலாளர் என்னைக் கூப்பிட்டார். கடையில் என் கையெழுத்துதான் நன்றாக இருக்கும்.

"அந்தம்மா தண்ணிய அதிகமா ஊத்திட்டாங்க. துடைக்கறப்ப தொட்டிய இடிச்சிட்டாங்க. அவங்க எழுதற மாதிரி ஒரு லெட்டர் எழுதும்மா. கையெழுத்து வாங்கிக்கலாம்."

அவர் சொன்னது அவ்வளவுதான். வராந்தாவில் அக்கா தரை துடைத்துக்கொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது. நான் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். 'என் கவனக்குறைவினால் நிறுவனத்தின் நற்பெயருக்கு ஏற்பட்ட களங்கத்தை எண்ணி வருந்துகிறேன்' என்று ஒரு வரி. 'என் அறியாமையைப் பொறுத்தருள வேண்டுகிறேன்' என்று ஒரு வரி. எழுதி முடித்து ஒருமுறை படித்துப் பார்த்தபோது, சொல்லவே கூசுகிறது, எனக்குத் திருப்தியாக இருந்தது.

அக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினார். நின்றபடியே கடைசி வரை படித்தார். மேலாளர் பேனாவை நீட்டினார். அக்கா தாளை மடித்து மேசைமேல் வைத்தார்.

"இது நான் செஞ்சது இல்ல சார். நான் போட மாட்டேன்."

"போடலன்னா நாளைக்கு வர வேணாம்."

"சரி," என்றார். மொட்டைமாடிக்குப் போனார். அங்கே குப்பையோடு செடி கிடந்தது. அழுகாமல் இருந்த இரண்டு தண்டுகளைக் கணு பார்த்து வெட்டி, ஈரக்கந்தலில் சுற்றி, பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். என்னைப் பார்க்கவில்லை. கையெழுத்தில்லாத அந்தக் கடிதத்தை மேலாளர் அப்படியே முதலாளியிடம் கொடுத்தார். தப்பு செய்ததால்தான் ஓடிவிட்டாள் என்று பேச்சு பரவியது. நான் அந்தக் கடையில் மேலும் மூன்று வருடம் பில் போட்டேன்.

இப்போது நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் இருக்கிறேன். பிள்ளையார்பாளையத்தில் வீடு. என் தங்கை பரிசாகக் கொடுத்த ஓட்டை இலைச் செடி ஒன்று வளர்ந்து, ஜன்னல் பக்கம் சாய்ந்து, தொட்டியோடு கவிழப் பார்த்தது. வீடு வீடாக வந்து தொட்டி மாற்றிக்கொடுக்கும் ஒருவர் திருப்புட்குழியில் இருப்பதாக சக ஊழியர் நம்பர் கொடுத்தார். தங்கை பேசி வரச் சொல்லிவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்தால், தோளில் சாக்கும் கையில் கம்பமுமாக அக்கா நின்றார். தலை நரைத்திருந்தது. என்னைத் தெரிந்துகொண்டார். "செடி எங்க?" என்றார்.

சாக்கை விரித்துச் செடியைப் படுக்க வைத்து, தொட்டியைத் தட்டி உருவினார். சுற்றிக்கிடந்த வேர்களை விரலால் சிக்கெடுத்தார். கறுத்தவற்றை மட்டும் வெட்டினார். பழையதைவிட நாலு விரல் மட்டும் அகலமான மண்தொட்டி; அடியில் ஓட்டை; அதன்மேல் ஓட்டுச்சில்லு. செம்மண்ணும் தேங்காய் நார்த்தூளும் மக்கின எருவும் கொஞ்சம் கரித்துண்டும் கலந்து வைத்திருந்தார். கயிறு சுற்றிய கம்பத்தை முதலில் நிறுத்தி, தண்டில் வேர் முளைத்திருந்த பக்கம் கம்பத்தைத் தொடும்படி செடியை நிற்க வைத்தார்.

"கம்பத்தப் புடிச்சிக்க," என்றார். பிடித்துக்கொண்டேன். அவர் மண்ணை நிரப்பினார். பழைய வேட்டியைக் கிழித்த துணியால், ஒரு விரல் நுழையும் அளவு தளர்வாக, தண்டைக் கட்டினார்.

"அக்கா, அன்னிக்கு அந்த லெட்டர்..."

அவர் நிமிரவில்லை.

"அவரு சொன்னது ரெண்டு வரிம்மா. வராந்தாவுல கேட்டுக்கினுதான் இருந்தேன். மீதிய யாரு சொன்னாங்க?"

மேலாளர்மேலும் அந்தச் சென்னை ஆள்மேலும் இத்தனை வருடம் பத்திரமாக வளர்த்து வைத்திருந்த கோபம் அந்த நேரத்தில் எதற்கும் உதவவில்லை.

"அவருமேல எனக்குக் கோவம் அன்னிக்கே போச்சு. அவரு அப்படித்தான். நீ அழகா எழுதியிருந்த பாரு, அதுதான் ஆறவே இல்ல."

"நான் இப்ப என்னக்கா செய்யணும்?"

கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு எழுந்தார். முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். செடியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"ஒண்ணும் செய்ய வேணாம். ரெண்டு நாளு தண்ணி ஊத்தாத. இப்ப கைய எடு, அது நிக்கும்."