கறுப்புச் சட்டை போட்டு இலை பார்த்த கதை

முதல் நாள் வேலைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஹைதராபாத் உப்பல் பகுதியில் இருந்த சென்சார் கம்பெனியில் இன்ஜினியர் ஜோசப் சார் என்னைப் பார்த்ததும், ஏன் என்பதற்குக் 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்று ஊர் உருது கலந்து கத்தினார்.

"கைக்குப்பா வெள்ளைச் சட்டை? நக்கோ! உன் சட்டையில பட்ட வெயில் இலையில விழுந்தா ரீடிங் மொத்தமும் போச்சு. நாளைலேருந்து கறுப்புதான்."

ஹைதராபாத் முழுக்க கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைத்த காலம். எட்டாவதோடு படிப்பை விட்டு, லாரி கிளீனர், ஓட்டல் சப்ளையர் என்று திரிந்த எனக்கும் ஒரு வேலை கிடைத்தது: சென்சாரை இலைக்கு மேல் அசையாமல் பிடிப்பது. பூஞ்சை நோய் கண்ணுக்குத் தெரியும் முன்பே, இலையில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்து சென்சார் அதைக் காட்டிக்கொடுக்கும்.

கார்த்திகை மாதம். கடையில் மலிவாகக் கிடைத்தது கறுப்பு வேட்டியும் சட்டையும்தான். மேட்சல் பக்கம் யாதகிரியின் திராட்சைத் தோட்டத்துக்குப் போகும் வழியில் செருப்பும் அறுந்தது. வெறுங்காலோடு நின்ற என்னை யாதகிரி கும்பிட்டார். அவர் பேசியது தெலுங்கு. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"சாமி, மாலை எங்கே?"

"சட்டைக்குள்ள," என்றேன். பசி அப்படி. வாழைப்பழமும் பாலும் வந்தன.

எங்கள் ஈரோட்டில் கறுப்புச் சட்டைக்காரனைக் கண்டால் கடவுள் இல்லை என்பவன் என்று நினைப்பார்கள். இங்கே சபரிமலைக்கே அனுப்பிவிட்டார்கள்.

கிழக்கு வரிசையில் சென்சார் நோய்க்குறி காட்டியது. ரீடிங்கைப் போனில் சொன்னதும், அடிச்சாம்பல் நோய் என்றார் ஜோசப் சார். இலைகளோ பச்சைப்பசேல். பூக்கும் நேரம், மருந்து தாமதித்தால் கொத்துகள் கருகிவிடும்.

"சாமி சொன்னா சரி. நாளைக்கே மருந்தடிக்கறேன்," என்றார் யாதகிரி.

மத்தியானம் பம்ப்செட் மறைவில் கோழி பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தேன். எலும்பைக் கடித்தபடி நிமிர்ந்தால் எதிரே யாதகிரி.

"இது என்ன விரதம்டா?" சாமி போய் 'டா' வந்துவிட்டது. "நீயும் பொய், உன் மிஷினும் பொய். மருந்தும் வேணாம், ஒண்ணும் வேணாம். கெளம்பு!"

என் வேலை போனால் வேறு கிடைக்கும். அவர் தோட்டம் போனால்? ஜோசப் சார் செய்யும் சோதனை ஒன்று நினைவுக்கு வந்தது.

"அண்ணா, என்னை நம்ப வேணாம். கிழக்கு வரிசையில ஒரு இலை, மிஷின் ஒண்ணும் காட்டாத வரிசையில ஒரு இலை பறிங்க. ஈரப் பையில போட்டு இருட்டுல வைங்க. உள்ள நோய் இருந்தா அந்த ஈரத்துல ராத்திரியே பூஞ்சை வெளிய வந்துடும். காலைல நீங்களே பாருங்க."

மறுநாள் ஜோசப் சாரோடு போனபோது யாதகிரி முதுகில் மருந்து டேங்க் மாட்டியிருந்தார். இலைகளைப் புரட்டிக் காட்டினார். கிழக்கு வரிசை இலையின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. மற்றது சுத்தம்.

"மிஷின் நெசம் சொல்லுது," என்றார் ஜோசப் சாரிடம். "அதைப் பிடிச்சிருக்கறவனைத்தான் மாத்தணும்."

சார் மாற்றவில்லை. இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். தோட்டத்தில் கால் வைத்ததும், சட்டை ஏன் கறுப்பு என்று முதலில் சொல்லிவிடுங்கள். வாழைப்பழம் கிடைக்காது, பிரியாணியை நிம்மதியாகச் சாப்பிடலாம்.