ஊதாமல் விட்ட பெனால்டி

எங்கள் ஊரில் முதலில் ஒரே ஒரு கால்பந்து கிளப்தான். அதற்கு ஒரே ஒரு பந்து. ஆட்டம் முடிந்ததும் பந்து யார் வீட்டில் இருப்பது என்று வந்த சண்டையில் கிளப் இரண்டானது. பாலத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் ஆலைக்காரர்கள். அதன்பின் எலியும் பூனையும்தான். ஒரு வருடம் நடுவராக வந்தவர் ஆலை கேப்டனின் மாமனாருக்கு ஒன்றுவிட்ட தம்பி என்பது ஆட்டம் முடிந்தபிறகு தெரிந்து, நாற்காலிகள் பறந்தன. அன்று இரண்டு கிளப்பும் சேர்ந்து ஒரே ஒரு சட்டம் போட்டோம்: ஊரில் ஒட்டும் உறவும் இல்லாத ஆள்தான் விசில் பிடிக்க வேண்டும்.

அப்படி ஒருவர் வாகாக வந்து மாட்டினார். மின்சார அலுவலகத்தில் மீட்டர் கணக்கு எடுப்பவர், மாற்றலாகி வந்தவர், தனிக்கட்டை. ஊரில் அவர் ஏறாத மாடிப்படி இல்லை. ஆனால் மீட்டர் பெட்டியைத் தாண்டி ஒரு வீட்டுக்குள்ளும் போனதில்லை. யாராவது "உள்ள வாங்க, தண்ணி குடிங்க" என்றால் எதிர்க் கிளப்பில் பேச்சு கிளம்பிவிடும். ஒரு கல்யாணப் பத்திரிகைகூட அவர் கைக்குப் போகவில்லை. நாங்கள்தான் அவரை அப்படி வைத்திருந்தோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவர் உட்கார்ந்து பேசலாம் என்றிருந்தது கிளப் செயலாளர்களோடு மட்டும். ஆலைச் செயலாளர் சிடுமூஞ்சி. எங்கள் கிளப் செயலாளர் நான். அதனால் என் சைக்கிள் கடைக்குத்தான் வருவார்.

பதினோராவது வருடம், பெரிய ஆட்டத்துக்கு நாலு நாள் முன்பு வந்து நின்று, மென்று முழுங்கினார்.

"சார், மருந்துக் கடையில இருக்காங்களே, உங்க சென்டர் பார்வர்டோட தங்கச்சி... நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம். ஆட்டம் முடிஞ்சதும் அவங்க அண்ணன்கிட்ட கேக்கணும். அப்புறம் உறவாயிடும், விசிலை உங்ககிட்டயே குடுத்துடறேன்."

"தாராளமா" என்றேன். உள்ளுக்குள் எரிச்சல். இவரை விட்டால் வேறு ஆளுக்கு எங்கே போவது?

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடத்தில் எங்கள் சென்டர் பார்வர்ட் கோலுக்கு முன்னால் புகுந்தான். ஆலையின் தடுப்பு ஆட்டக்காரன் அவன் காலை வாரினான். விசில் நடுவரின் உதடு வரை போய் நின்றது. ஊதவில்லை. பந்து எதிர்ப்பக்கம் ஓடி எங்கள் வலையில் விழுந்தது.

நாளைக்குக் கல்யாணச் சேதி தெரிந்தால் 'மச்சானுக்குப் பெனால்டி கொடுத்தான்' என்பார்களே என்று பயந்துவிட்டார் மனிதர். நேர்மையானவன் என்ற பேரைக் காப்பாற்ற, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நேர்மை தவறினார்.

மறுநாள் பெண் கேட்கப் போனார். சென்டர் பார்வர்ட் வீங்கிய கணுக்காலோடு நொண்டி வந்து, முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினான்.

"நான் காரணம் சொன்னா சாக்கு மாதிரி இருக்கும். அவங்க அண்ணன்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்று என்னிடம் வந்தார். சரி என்றேன். அந்தப் பெண் ஒரு வருடம் பொறுத்தாள். பிறகு வெளியூரில் கல்யாணமாகிப் போனாள். இவர் மறுபடி விசிலை எடுத்தார். இன்னும் பத்தொன்பது வருடம். காய்ச்சல் மாத்திரைக்குக்கூட ரயில்வே கேட்டைத் தாண்டி வேறு கடைக்குப் போவார்.

போன மாதம் ஓய்வு பெற்றார். இரண்டு கிளப்பும் சேர்ந்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்தோம். அந்த ஆலைத் தடுப்பு ஆட்டக்காரன், இப்போது தொப்பைக்காரன், சிரித்துக்கொண்டே சொன்னான்: "சார், அன்னிக்கு நான் காலைத்தான் வாரினேன். கோல் போட்டவனுக்கே கூச்சமாப் போச்சு. நீங்க ஊதியிருந்தா எங்க ஆளுங்கள்ல ஒருத்தன்கூட வாயத் தொறந்திருக்க மாட்டான்."

அவர் டீயை வைத்துவிட்டு வெளியே வந்தார். நானும் போனேன்.

"நீங்க எடுத்துச் சொல்லியுமா சார் அவங்க அண்ணன் கேக்கல?"

நான் சொல்லவே இல்லை. அவன் முரடன்தான், கெட்டவன் இல்லை, சொல்லியிருந்தால் கேட்டிருப்பான். நல்ல நடுவர் கைவிட்டுப் போய்விடுவாரே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"எவ்வளவோ சொன்னேன் சார். கேக்கல" என்றேன்.

"தெரியும் சார். இந்த ஊர்ல எனக்குன்னு நீங்க ஒருத்தர்தானே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.