கூடலூரில் இரண்டு மங்களம்

முப்பதுகளின் நடுவில், ஒரு பங்குனித் திருவிழாவில் பாட எங்கள் பாகவதரைக் கூடலூருக்கு அழைத்திருந்தார்கள். நான் அவருக்குப் பிடில். மறுநாள் காலை மதுரையில் எனக்கு ஒரு கல்யாணக் கச்சேரி. அதனால் போகும்போதே திரும்புகிற வழியைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மதுரையிலிருந்து தேனிக்கு ரயில். அங்கிருந்து கம்பம் வழியாகக் கூடலூருக்கு இருபத்தெட்டு மைல், பஸ்ஸில். கட்டணம் பதினான்கு அணா, புழுதி இலவசம். தம்பூராவைக் கூரைமேல் போடச் சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள். கடைசி பஸ் ஐந்தரைக்கு. "ஒருத்தருக்காகவும் நிக்கமாட்டேன், பாத்துக்கங்க" என்றார் டிரைவர். அதைப் பிடித்துத் தேனி போய்விட்டால் விடியற்கால ரயில் கிடைக்கும்.

பிற்பகல் கச்சேரி. வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடிப்பது வழக்கம். மங்களத்துக்குமேல் ஒரு வரி பாடினாலும் அபசகுனம் என்பார் பாகவதர். நான் பஸ்ஸை நினைவுபடுத்தி ஜாடை காட்டிக்கொண்டே இருந்தேன். ஆலாபனைகளைச் சுருக்கி, ஐந்து மணிக்கு மங்களம் பாடிவிட்டார். பிடிலைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

அப்போதுதான் முப்பது நாற்பது பேர் பந்தலுக்குள் வந்தார்கள். குமுளி மலை ஏலத்தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள். கோயில் கமிட்டிக்காரர் வேலுச்சாமிக்கு முகம் சுண்டிவிட்டது.

"மத்தியானந்தான் அங்கன வேலை விட்டாகளாம், சாமி. கச்சேரிக்கு வரி குடுத்ததுல பாதிப் பேரு இவுகதான்."

"மங்களம் ஆயிடுத்தே" என்றார் பாகவதர்.

இடுப்பில் பிள்ளையோடு முன்னால் நின்ற பெண், "முடிஞ்சுபோச்சா? சரி, சாமி கும்பிட்டுட்டுப் போறோம்" என்றாள். குறைப்பட்டுக்கொள்ளவில்லை. பழகிப்போனவள் மாதிரித் திரும்பினாள்.

பாகவதர் தம்பூராவின் உறையை அவிழ்த்தார். "உக்காரும்மா. வர்ணத்திலேர்ந்து ஆரம்பிச்சா அது வேற கச்சேரி. அதுக்கு வேற மங்களம்." என்னைப் பார்த்து, "பெட்டியைத் திறவும் ஓய்" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணக் கச்சேரி போயிற்று. ஆனாலும் திறந்தேன். இரண்டாவது பாட்டின் நடுவில் பஸ் ஹாரன் கேட்டது. பாகவதர் அவசரப்படவில்லை, முன்பு சுருக்கியதையெல்லாம் விரித்துப் பாடினார். அன்று நான் உருப்படியாக வாசித்ததும் அந்தக் கச்சேரியில்தான்.

கூடலூரில் வாசிக்கப் போகிறவர்கள் மறுநாளுக்கு எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மலையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்களா என்று விசாரித்துக்கொண்டு மங்களத்துக்குப் போங்கள். தங்குவதற்குக் கோயில் சத்திரம் இருக்கிறது; பாய் தருவார்கள்.

இரண்டாவது மங்களம் முடிந்ததும் அவர்கள் பந்தம் கொளுத்திக்கொண்டு கிளம்பினார்கள். காலையில் தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டும். அதற்குள் மலை ஏறியாக வேண்டும். அந்தப் பெண் தூங்குகிற பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"பஸ்ஸு போயிருச்சே. நீங்க எப்படிப் போவீக?"