கொட்டாரத்துக் கதவும் கழக்கூட்டத்துப் பசுவும்

என் கோணல் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. பழைய மரச்சாமான் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் முதலாளியின் கடை சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவில். இடிக்கிற வீடுகளின் கதவு, தூண், உத்தரங்களை வாங்கி விற்பார். எது எந்த வீட்டுச் சாமான் என்று சொல்வது என் வேலை. கழற்றிக் கொண்டுவந்ததும் நான்தான் என்பதால் பெரிய சாமர்த்தியம் தேவைப்படவில்லை. நான் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் கொட்டாரத்துச் சாமான், அதாவது அரண்மனைச் சாமான் என்றே முதலாளி விற்பார். நாங்கள் விற்ற தூண்களையெல்லாம் திரும்ப நட்டால் அரண்மனைக்குள் ராஜா நடக்க வழியிருக்காது.

கழக்கூட்டம் என்ற ஊரில், தறவாடு என்கிற ஒரு பழைய பரம்பரை வீட்டுத் தொழுவத்துக்குத் தகரக் கதவு போடப்போகிறோம் என்று பலாக் கதவை விற்றார்கள். அதையும் கொட்டாரத்துக் கதவு என்று ஒரு வக்கீலுக்கு முதலாளி விற்றார். வக்கீல் லாரி கொண்டுவந்து ஏற்றுகிற நேரம், சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர் இரண்டு போலீஸ்காரர்களோடு வந்து நின்றார். ராஜா சொத்து எது, சர்க்கார் சொத்து எது என்று பிரித்துக்கொண்டிருந்த காலம் அது.

"கொட்டாரத்துச் சாமானம் இங்க எங்ஙனே வந்து? கழற்றினது ஆரு?"

முதலாளி என்னைக் காட்டினார். ஒரு பெரிய மனிதருக்கு அவர் என்னை அறிமுகப்படுத்தியது அதுதான் முதல் தடவை.

"அப்போ இவனை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகாம்."

"எலே செல்லையா, வாயில என்ன கொழுக்கட்டையா? எந்தத் தொழுவம்னு ஐயாகிட்டச் சொல்லுலே!" என்றார் முதலாளி.

நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கதவைப் பார்த்தே சொன்னேன். "கழக்கூட்டம். மாட்டுத் தொழுவம். நிலை இன்னும் அங்கதான் நிக்கு."

"தொழுவமா!" வக்கீல் சீறினார். "ஓய், இந்தப் பித்தளைக் குமிழைப் பாரும். கொட்டாரம் இல்லாம வேற எங்க இருக்கும்?"

"குமிழ் போன வாரம் அடிச்சது..." என்று இழுத்தேன்.

"நாந்தான் அடிச்சேன் சார், சத்தியமா நாந்தான்!" என்றார் முதலாளி. அவர் வாயிலிருந்து உண்மை வந்து அன்றுதான் கேட்டேன்.

உத்தியோகஸ்தர் நம்பவில்லை. அதே லாரியில் கதவோடு எல்லோரும் கழக்கூட்டம் போனோம். தகரக் கதவு இன்னும் வந்திருக்கவில்லை. நிலை வாய்பிளந்து நின்றது. கதவைத் தூக்கி வைத்தோம். கதவு சுழல்கிற முளையான குடுமி அதன் குழியில் பொருந்தி இறங்கியது. தள்ளினேன், சுழன்றது. உள்ளேயிருந்து ஒரு பசு எழுந்து வந்து, கதவில் வழவழவென்று தேய்ந்திருந்த இடத்தில் தன் கழுத்தை வைத்துத் தேய்த்தது.

போதும் என்கிற அர்த்தத்தில் "மதி, மதி" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு உத்தியோகஸ்தர் புறப்பட்டார்.

முதலாளி வக்கீலிடம் கைகூப்பினார். "வேற நல்ல கதவாத் தாரேன் சார்."

வக்கீல் போலீஸ்காரர்கள் போன வழியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "எதுக்கு? இதையே ஏத்தும்."

இப்போது அந்தக் கதவு அவர் வீட்டு முகப்பில் இருக்கிறது. "சர்க்காரே போலீஸோட வந்து பிடிக்கப் பார்த்த கதவாக்கும்" என்று வருகிறவர்களிடம் காட்டுகிறார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

தொழிலில் நான் கற்றது இதுதான். ஒரு சாமான் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது சுலபம். அது எங்கிருந்து வந்திருக்க வேண்டும் என்று வாங்குகிறவர் நினைக்கிறார் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். போலீஸ் கூட வந்தால் மட்டும் பசுவைக் கூப்பிடுங்கள்.

எழுதி முடித்தது: 1956, ஆவணி 5.