முன்வரிசையில் முறைத்தவர்

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் குழித்துறைப் பக்கம் பாலத்துக்கு ஒரு கதை, பனைமரத்துக்கு ஒரு கதை என்று வைத்திருப்பார்கள், அதையெல்லாம் மேடையில் கிழித்துத்தான் நான் பெயர் வாங்கினேன். அதனால் இதைக் கேட்கும்போது உங்கள் வாய் கோணும் என்று எனக்குத் தெரியும். சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

என் தொழில் ஸ்டாண்ட்-அப் காமெடி. கையில் ஒரு மைக், பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான், வேஷம் கிடையாது, பாட்டு கிடையாது, மிமிக்ரி கிடையவே கிடையாது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு மிமிக்ரி வராது. பூனை போலக் கத்திக் காட்டினால் என் மகளே அது என்ன பிராணி என்று கேட்பாள். பெரிய ஊர்களில் இந்தத் தொழிலுக்கு ஏசி அறையும் டிக்கெட் வாங்கி வரும் கூட்டமும் உண்டு, நமக்கு வாய்ப்பது கல்யாண ரிசப்ஷனும் சர்ச் திருவிழாவும் கிளப் ஆண்டுவிழாவும்தான். வந்திருப்பது பெண் என்று தெரிந்ததும் பாதிப் பேர் கையைக் கட்டிக்கொள்வார்கள். இவள் என்ன சொல்லி நான் சிரிக்க என்பது போல ஒரு பார்வை. அதற்கு நான் ஒரு வழி பழகி வைத்திருக்கிறேன், கூட்டத்தில் யார் அதிகமாக முறைக்கிறாரோ அவரைத்தான் முதலில் பிடிப்பேன். என்ன வேலை, எந்த ஊர் என்று பேச்சுக் கொடுத்து இரண்டு இடி இடித்து அவரைச் சிரிக்க வைத்துவிட்டால் மற்றவர்கள் தானாக வழிக்கு வருவார்கள். இது ஒருநாளும் தவறியதில்லை, அன்றைக்கு வரை.

அருமனை என்ற ஊருக்கு உள்ளே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு மனமகிழ் மன்றம். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆண்டுவிழா. காலையில் வடமிழுப்புப் போட்டி, மதியம் ஆட்டிறைச்சி, அதை முழுங்கிவிட்டு ஹாலில் வந்து கண் சொருகி உட்கார்ந்திருக்கிற ஆண்களுக்கு நான் சிரிப்புக் காட்ட வேண்டும். மன்றத்துச் செயலாளர் என்று ஒரு மனிதர் வாசலிலேயே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அரை மணிக்கூர் போதும், கேட்டியா பிள்ளே. பொம்பளையாளு தமாசு சொல்லுகத எங்க ஆளுவ பாத்ததில்ல. கொஞ்சம் சூதானமாட்டு பேசு.”

சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தை மட்டும் அந்த ஆள் சொல்லவில்லை. அதற்காக அவரை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை.

என்னோடு வந்தது பென்னி, என் கணவருடைய தம்பி. மைக், ஸ்பீக்கர் எல்லாம் அவன் பொறுப்பு. ஒவ்வொரு நிகழ்ச்சியையும் முதலிலிருந்து கடைசிவரை அவன் செல்போனில் வீடியோ எடுப்பான், எந்த இடத்தில் சிரிப்பு வந்தது, எந்த இடத்தில் செத்தது என்று வீட்டுக்குப் போய்ப் பார்த்துத் திருத்துவேன். அன்றும் எடுத்தான்.

மேடை ஏறினேன். வணக்கத்துக்குக் கைதட்டல் இல்லை. முதல் ஜோக்குக்கு ஒருவன் கொட்டாவி விட்டான், இன்னொருவன் “சமையல் குறிப்பு சொல்லு” என்று கத்தினான், அதற்கு மட்டும் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. முறைக்கிற ஆளைத் தேடினேன், தேடவே வேண்டியிருக்கவில்லை, முன்வரிசையில் நட்ட நடுவில் இருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, தாடை கனத்த முகம். அப்படி ஒரு முறைப்பை நான் எந்த மேடையிலும் வாங்கியதில்லை.

“நடுவுல இருக்க அண்ணாச்சி, ஏன் இப்பிடி மொறைக்கீங்க? இறைச்சில எலும்பு மட்டும்தான் கிட்டிச்சா?” என்றேன்.

“நீ யாருக்க மோளு?” என்றார்.

“எங்க அப்பாக்க மோளுதான். உங்களுக்கு வேற தகவல் ஏதும் உண்டுமா?”

இதற்குச் சிரிக்காத கூட்டமே கிடையாது. அங்கே ஒரு சத்தம் இல்லை. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், மின்விசிறி சுற்றுவது கேட்டது. சரி, ஆள் பெரிய புள்ளி போலிருக்கிறது, பயப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பயந்த கூட்டத்தை உடைத்தால் இன்னும் நன்றாக உடையும் என்பது என் கணக்கு.

“வாய்க்க நீளத்துக்குக் கொறவில்ல. வீட்டுல சோறு வைக்க ஆளில்லியா?” என்றார் அவர். சளி கட்டிய, கனத்த குரல்.

“எங்க வீட்டுல சோறு வைக்கது எனக்க மாப்பிள. உங்க வீட்டுல யாரு வைக்கா அண்ணாச்சி?”

“எனக்கு இப்பம் சோறே வேண்டாம்.”

“டயட்டா? முகத்தப் பாத்தா தெரியல்லியே! சரி, பக்கத்துல இருக்கவங்க யாருன்னு எனக்கு ஒண்ணு சொல்லித் தாருங்க” என்று மைக்கை அவர் பக்கம் நீட்டினேன். நீட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் கழுத்தைத் திருப்பாமலே ஒவ்வொருவருக்கும் வட்டப்பேர், அதாவது பட்டப்பெயர், சொன்னார். எங்கள் ஊர்களில் வட்டப்பேர் இல்லாத ஆள் கிடையாது, ஆனால் முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். “இவன் ஓணான். இவன் கொட்டாங்கச்சி. அங்கின தூணுக்கக்கிட்ட ஒளிஞ்சு நிக்கியது ஈரச்சாக்கு.”

தூணருகே நின்ற ஆள் கையிலிருந்த சாயா கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது. அதோடு மொத்த ஹாலும் எழுந்துவிட்டது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி பறந்து வந்து என் தோளில் பட்டது. “இழுத்துப் போடுலே அவள” என்று ஒரு குரல், அதற்கு மேல் வாயால் சொல்ல முடியாத வார்த்தைகள். செயலாளர் என்னையும் பென்னியையும் பக்கத்திலிருந்த சிறிய அறைக்குள் தள்ளி வெளியே பூட்டினார், காப்பாற்றத்தான் பூட்டினாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். கேரம்போர்டும் வடக்கயிறும் கிரிக்கெட் மட்டையும் அடைத்து வைத்த அறை.

“அந்த ஆளு பேசினதுக்கு என்ன எதுக்கு அடிக்கணும்?” என்று நான் கத்தினேன்.

பென்னி என்னை ஒரு மாதிரி பார்த்தான். “எந்த ஆளு மைனி?”

“நடுவுல இருந்தாரே!”

“நடு நாற்காலில ஆரும் இல்ல மைனி. அது செத்துப்போன தலைவருக்க இடமாம். அவருக்க துண்ட மடிச்சு வச்சு சும்மா போட்டிருக்காவ. இப்பம்தான் ஒருத்தன் சொன்னான். நீங்க அவரப் போல பேசிக் காட்டி கேலி பண்ணினீங்கன்னு சண்ட போடுகாவ.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அறைந்திருப்பேன். அவன் வீடியோவைப் போட்டுக் காட்டினான். நான் கேள்வி கேட்கிறேன். பிறகு தலையைக் கொஞ்சம் சாய்க்கிறேன். மைக் என் வாயை விட்டு நகரவே இல்லை. என் உதடு அசைகிறது, அந்தச் சளி கட்டிய ஆண் குரல் வருகிறது. எதிரே நாற்காலியில் ஒரு துண்டு மட்டும் இருக்கிறது. திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். என் மூஞ்சிதான், என் சேலைதான். பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. ஸ்பீக்கரை எடுத்துப் போகச் சொல்லிப் பென்னியை வெளியே கூப்பிட்டார்கள், அவன் போனதும் தூணருகே நின்ற அந்த ஆள் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். நாற்பத்தைந்து வயது இருக்கும், நல்ல உயரம், கையில் தடித்த கைக்கடிகாரம். அடி விழப்போகிறது என்றே நினைத்து நான் கிரிக்கெட் மட்டையைக் கையில் எடுத்தேன்.

அவர் பக்கத்தில் வரவே இல்லை. “நான் தங்கப்பனுக்க மகன், ராஜன். அந்த நாற்காலிக்காரருக்க மகன். மஸ்கட்டுல இருக்கேன்” என்றார். “ஈரச்சாக்குன்னு ஒனக்கு யாரு சொல்லித் தந்தா?”

“எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணே. அதுவும் வட்டப்பேருன்னுதான் நெனச்சேன்.”

“அது வட்டப்பேரு இல்ல.” சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். “சின்னதுல நான் படுக்கையில மோண்டு போவேன். அப்பா கதவ அடச்சிட்டு அடிக்கும்ப மட்டும் அப்பிடி விளிப்பாரு. எங்க அம்மைக்குகூட அந்தப் பேரு தெரியாது. எனக்க பெண்டாட்டிக்குத் தெரியாது. கொள்ளி வச்சது நான். எரிஞ்சு தீருகது வர நின்னு பாத்தேன்.”

என் கையிலிருந்த மட்டை தானாகத் தாழ்ந்தது. அதுவரை அந்த ஊரில் ஒரு மனிதர் மேலும் எனக்கு இரக்கம் வரவில்லை, அவர் மேல் வந்தது. அத்தனை பெரிய உடம்பு, கண் மட்டும் அடிக்கு ஒதுங்குகிற குழந்தையின் கண்.

“ஒனக்குத் தெரியுதுல்லா? பாத்துச் சொல்லு. அப்பா போயிட்டாரா?”

ஜன்னல் வழியாக ஹாலைப் பார்த்தேன். நடு நாற்காலியில் துண்டு மட்டும்தான் இருந்தது, சத்தியமாக வேறு யாரும் இல்லை. அவர் பக்கம் திரும்பி, என்னால் முடிந்த அளவு மெதுவாக, “போயிட்டாரு அண்ணே” என்று சொன்னேன். அந்த இரண்டு சொல்தான், வேறு எதுவும் நான் சொல்லவில்லை.

ராஜன் இரண்டு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்டார். சுவரோடு சுவராக ஒட்டி அப்படியே கீழே சரிந்து, “இனி செய்யமாட்டேன்ப்பா, இனி செய்யமாட்டேன்” என்று அலறினார். நான் ஒரு அடி முன்னால் வைத்ததும் தரையில் தவழ்ந்து போய்க் கதவைத் திறந்து, செருப்புகூடப் போடாமல் ரப்பர் தோட்டத்துக்குள் ஓடினார். வெளியே நின்றவர்கள் அவரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். எங்களை யாரும் தடுக்கவில்லை. வண்டி வரைக்கும் வழிவிட்டு விலகி நின்றார்கள்.

லீவு முடியும் முன்பே அவர் மஸ்கட்டுக்குத் திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எப்படியோ நம்பர் வாங்கிக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான், அந்த அறையில் என் வாயிலிருந்து அவர் என்ன கேட்டார்? பென்னியின் செல்போன் அப்போது அவனோடு வெளியே இருந்தது, என்னையும் ராஜனையும் தவிர அங்கே யாரும் இல்லை. கடைசியில் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பினேன். “அண்ணே, ஒங்களப் பயமுறுத்த நான் ஒண்ணும் செய்யல்ல, நான் என்ன சொன்னேன்னு மட்டும் சொல்லுங்க” என்றுதான் பேசினேன். அவர் கேட்டார், கேட்டதற்கு நீல அடையாளம் விழுந்தது. உடனே என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

அந்தக் குரல் செய்தி இன்னும் என் போனில் கிடக்கிறது. அழிக்க மனம் வரவில்லை, போட்டுக் கேட்கத் தைரியம் வரவில்லை. உங்களுக்குத்தான் இதிலெல்லாம் நம்பிக்கை இல்லையே, இந்தாருங்கள் போன், போட்டுக் கேளுங்கள். நான் வெளியே போய் நின்றுகொள்கிறேன்.