பின்கதவில் மூன்று ஆணி

எங்கள் வீட்டுப் பின்கதவைக் கரையான் தின்னத் தொடங்கியது நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம். கதவை என்று சொல்வது தப்பு. கதவு தேக்கு. இடித்த வீட்டிலிருந்து வந்த சாமான் என்று பழைய மரக்கடையில் அப்பா பேரம் பேசி வாங்கியது. அதன் நிலை என்ன மரமென்று விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. கரையானுக்குத் தெரிந்திருக்கிறது.

முதலில் தரையிலிருந்து ஒரு மண்கோடு கிளம்பியது. யாரோ ஈர விரலால் இழுத்துவிட்டதுபோல இருக்கும். நான் தினமும் பள்ளிக்கூடம் கிளம்பும்முன் அதைக் கலைப்பேன். சாயங்காலம் வந்து பார்த்தால் பாதி வளர்ந்திருக்கும். ஒருநாள் நிலையின் அடிக்காலைக் கட்டைவிரலால் அமுக்கினேன். விரல் உள்ளே போய்விட்டது. பச்சைப் பெயிண்ட் மட்டும் மரம்போல நின்றுகொண்டிருந்தது, உள்ளே மரம் இல்லை.

அப்பா ஆசாரியைக் கூட்டிவந்தார். அவர் உளியின் பின்பக்கத்தால் நிலையை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். முழங்கால் உயரம்வரை டொக் டொக் என்றது. அதற்குக் கீழே தொப் தொப் என்றது. சத்தம் மாறிய இடத்தில் காதிலிருந்த பென்சிலை எடுத்து ஒரு கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே அறுத்து எடுத்துவிட்டு வேங்கைத் துண்டு வைத்து ஒட்டுப்போட வேண்டும், தரையில் துளையிட்டு மருந்து ஊற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மேலூரிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. கூடவே மாமாவும் ஒரு பெரிய பையும். மாமா அன்றைக்கே திரும்பிவிட்டார், பை திரும்பவில்லை. அத்தைக்கு வயிற்றுவலி, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிக்கொண்டு கொஞ்ச நாள் இங்கேயே இருப்பாள் என்று எனக்குச் சொன்னார்கள். வயிற்றுவலிக்காரிக்கு அம்மா தேடித்தேடி மாங்காய் வாங்கியது எனக்கு விசித்திரமாகத்தான் பட்டது.

கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து அத்தை உண்டாகியிருந்தாள். ஐந்து மாதம் தாண்டும்வரை யார் காதிலும் போட வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அந்த யாரில் நானும் அடக்கம்.

ஞாயிறு காலையில் ஆசாரி பையோடு வந்து நின்றபோது அப்பா வாசலிலேயே மறித்தார். "இப்பத்திக்கு வேணாம்ணே. தங்கச்சி வந்திருக்கு." அவ்வளவுதான் சொன்னார். ஆசாரி உள்ளே ஒரு பார்வை பார்த்தார். பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார். "அதனால என்ன, மெதுவா செஞ்சுக்கிரலாம். எல்லாம் நல்லபடியா ஆகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விருந்தாளி வந்ததற்கும் மரவேலைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. அத்தையின் தூக்கம் கெட்டுவிடும் என்பதற்காக இருக்கும் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். விடிந்ததிலிருந்து பொழுது அடைகிறவரை விசைத்தறி ஓடுகிற செல்லூர்ச் சந்து அது. அங்கே ஒரு உளிச் சத்தத்துக்கா அத்தை விழித்துக்கொள்ளப் போகிறாள் என்று அப்போது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

மாசமாக இருக்கிற பெண் தங்கியிருக்கும் வீட்டில் மரம் அறுக்க மாட்டார்கள், சுவரை இடிக்க மாட்டார்கள், ஆணி அடிக்க மாட்டார்கள். வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. எங்கள் பக்கத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. கல்யாணமானவர்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கும். எனக்குச் சொல்லப்பட்டது ஒன்றுதான்: அந்த நிலையில் யாரும் கை வைக்கக் கூடாது.

கரையானுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இரண்டே வாரத்தில் கீழ்க்கீலின் திருகாணிகள் பிடிமானம் இல்லாமல் உதிர்ந்தன. கதவு ஒருபக்கம் சாய்ந்து தரையில் உரசியது. திறக்க வேண்டுமென்றால் கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கி, தூக்கிய வாக்கிலேயே தள்ள வேண்டும். தேக்குக் கதவு.

குளியலறையும் கக்கூசும் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்தான். அம்மா பகலில் நாலு வீடு தள்ளித் தறிக்கு நூல் தார் சுற்றப் போய்விடுவாள். ஒரு சத்தம் கொடு, ஓடி வந்துவிடுகிறேன் என்று அத்தையிடம் சொல்லித்தான் போவாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதற்காக ஆளைக் கூப்பிட அத்தைக்குக் கூச்சம். யாரும் பார்க்காதபோது தானே தூக்கிவிடுவாள். தூக்கிவிட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று மூச்சுவிடுவாள். லீவு நாட்களில் நான் அதைப் பார்த்தேன். ஒரு குடம் தண்ணீரைக்கூட அவளைத் தூக்க விடாத வீட்டில், இந்தக் கதவை யாரும் வெயிட்டாகக் கணக்கில் எடுக்காதது எனக்குப் பெரிய குறையாகத் தெரிந்தது.

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அத்தையின் மாத்திரை அட்டைகளை நான்தான் வாசித்துச் சொல்வேன். ஒன்றில் 'ஃபோலிக் ஆசிட்' என்று போட்டிருந்தது. ஆசிட் பட்டால் வெந்துபோகும் என்று அறிவியல் டீச்சர் சொல்லியிருந்ததால், அந்த மாத்திரையை முழுங்காதே என்று அத்தையிடம் ரகசியமாக எச்சரித்தேன். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "நீ இருக்கையில எனக்கென்ன மருமகனே" என்றாள். அந்தச் சொல்லை நான் நிஜமாகவே எடுத்துக்கொண்டேன். அதுதான் வம்பாகிப்போனது.

முதலில் மரத்தூளையும் பசையையும் குழைத்து ஓட்டையில் அடைத்தேன். காய்ந்ததும் திருகாணியைத் திருகினேன். மறுநாள் காலையில் அடைத்ததும் திருகியதும் சேர்ந்து தரையில் கிடந்தன. அப்புறம்தான் ஆசாரியின் பென்சில் கோட்டைக் கவனித்தேன். கீல் அந்தக் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழேதான் இருந்தது. நீள ஆணியைச் சாய்த்து மேல்நோக்கி அடித்தால் முனை போய் நல்ல மரத்தைக் கவ்விக்கொள்ளும். இந்தக் கணக்கை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஒரு சனிக்கிழமை. அப்பா தறிக்குப் போயிருந்தார், அம்மா ரேஷன் கடைக்கு. அத்தை முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். கதவுக்கு அடியில் ஒரு செங்கல்லும் அதன்மேல் என் பரீட்சை அட்டையும் வைத்து மட்டத்துக்குத் தூக்கினேன். சந்து முழுக்கத் தறிச் சத்தம். அதற்குள் சுத்தியல் சத்தம் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. முதல் ஆணி இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவது பாதி இறங்கியபோது கரண்ட் போனது.

அந்த வருடங்களில் கரண்ட் நேரம் வைத்துத்தான் போகும். அன்றைக்கு நேரம் கெட்டுப் போனது. இருபது முப்பது தறிகள் ஒன்றாக நின்றன. ஓங்கிய கையை என்னால் நிறுத்த முடியவில்லை. ணங் என்று ஒன்று, அந்த வேகத்திலேயே இன்னொன்று. செல்லூர் முழுக்க அந்த இரண்டு அடி மட்டும்தான் கேட்டது என்று இன்றைக்கும் தோன்றும்.

"யாரு, அந்த வீட்டுலயா ஆணி அடிக்கிறது?" என்று பக்கத்து வீட்டு அக்காவின் குரல் சுவர் தாண்டி வந்தது. சொல்லாமல் வைத்த சேதியெல்லாம் சந்துக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

திரும்பினேன். அத்தை நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது. நான் செங்கல்லை உருவிவிட்டு, பார் என்பதுபோல விலகி நின்றேன். அவள் ஒற்றை விரலால் கதவைத் தள்ளினாள். அது சத்தமில்லாமல் திறந்துகொண்டது. கொஞ்ச நேரம் அந்தத் திறந்த கதவையே பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த சுத்தியலை வாங்கிக்கொண்டாள்.

தறி நின்றதால் அப்பா அதற்குள் வந்துவிட்டார். பின்னாலேயே பக்கத்து வீட்டு அக்கா, அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர். ஜாமெட்ரி பாக்ஸைத் தொலைத்ததற்கே பெல்ட்டை எடுத்தவர் அப்பா. அவர் வந்த வேகத்தில் நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அத்தை குறுக்கே வந்தாள்.

"நாந்தேன் அடிக்கச் சொன்னேன்ணே. பிள்ளைய ஒண்ணும் சொல்லாத."

எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். அப்பா அவள் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பித் தறிக்கே போய்விட்டார். கரண்ட் வந்திருக்கவில்லை.

பதினோராம் நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீடு பூட்டியிருந்தது. அத்தையை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மூன்று நாள் கழித்து வந்தாள். சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். வயிற்றுவலி அதிகமாகிவிட்டது என்றார்கள். நான் அவளிடம் போய், "கதவு இன்னும் லேசாத்தான் அத்தே இருக்கு, தூக்க வேணாம்" என்றேன். அவள் திரும்பாமலே, "தெரியும் மருமகனே" என்றாள்.

அவள் மேலூருக்குப் போன மறுநாளே அப்பா ஆசாரிக்குச் சொல்லியனுப்பினார். நிலையை அறுப்பதற்கு முன்னால் அவர் கீலைக் கழற்றப் பார்த்தார். ஆணி வரவில்லை. காலை நிலையில் ஊன்றிக்கொண்டு குறடால் இழுத்து, மூன்றையும் பிடுங்குவதற்குள் வேர்த்துவிட்டது. "எந்த வேலைக்காரன் அடிச்சான் இத, இந்தப் பிடி பிடிச்சிருக்கு" என்றார். நான் முன்னால் வந்து நின்று, நான்தான் என்றேன். "அட, நமக்குப் போட்டியா வந்துட்டியா மாப்ள" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அப்பாவைப் பார்த்தார். அப்பா எழுந்து வெளியே போனார். ஆசாரியின் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று ஆணியையும் பைக்குள் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தார். ஒட்டு இன்றைக்கும் அசையாமல் இருக்கிறது.

போன வருடம் வேலைக்குச் சேர்ந்து தனியாக ரூம் எடுத்தபோது, காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடிக்கப் போனேன். வீட்டுக்காரம்மா ஓடிவந்து, மருமகள் மாசமாக இருக்கிறாள், பிரசவம் ஆகட்டும் தம்பி என்றார். சுத்தியலைக் கீழே வைத்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆணிக்கும் அத்தைக்குப் பிள்ளை தங்காமல் போனதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். ஆனால் அந்த வாரம் எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. அப்பா நம்பினார், அம்மா நம்பினாள், அத்தையும் நம்பினாள். நான்தான் அதைச் செய்தேன் என்று நம்பிக்கொண்டே எனக்குத் தட்டில் சோறு போட்டார்கள், என் ரேங்க் கார்டில் கைநாட்டு வைத்தார்கள். இத்தனை வருடத்தில், கோபத்தில்கூட, ஒருவர் வாயிலிருந்தும் அது வரவில்லை.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அத்தையைக் கூட்டிப்போக மாமாவோடு அவருடைய அம்மாவும் வந்திருந்தார். முற்றத்தில் உட்கார்ந்து, கொடுத்த காப்பியைத் தொடாமல், "ஆறு வருசம் கழிச்சுக் கிடைச்சதுக்கு, ஆணி அடிக்கச் சொன்னாளாமே மகராசி" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா தலை நிமிரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. அத்தை ஒன்றும் சொல்லவில்லை, யோசனையும் என்னுடையது, அடித்ததும் நான் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். பையோடு நின்ற அத்தை சட்டென்று என் தோளைப் பிடித்து அழுத்தினாள். "ஓடிப் போயி கடையில ஒரு சோடா வாங்கிட்டு வாடா, நெஞ்சக் கரிக்குது" என்று காசைக் கையில் திணித்து வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

கடைக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு அத்தைமேல் கோபம். அந்த வீட்டிலேயே உருப்படியாக நான் செய்த ஒரே வேலை அது. அதற்கான பெயரைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு போகிறாளே என்று, சோடாவை வேண்டுமென்றே மெதுவாக வாங்கிக்கொண்டு வந்தேன். வந்தபோது ஆட்டோ போயிருந்தது.